டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம்

"காலையில் செல்ஃப் எடுக்கவில்லை" என்று பழைய ஜீப் ஒன்று பட்டறைக்கு வந்தால், நம்மில் பலர் இன்னும் முதலில் செய்வது ஒன்றுதான். எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றுகிறோம். வண்டி நின்றால் ஆல்டர்னேட்டர் போச்சு. ஓடினால் பேட்டரி போச்சு. இந்தச் சோதனையை இனி விட்டுவிட வேண்டும்.

டைனமோவும் கட்-அவுட்டும் இருந்த காலத்து வழக்கம் இது. டைனமோவில் சுட்டுப்போக டயோடு கிடையாது. ஆல்டர்னேட்டர் அப்படியல்ல. ஓடும்போது பேட்டரியைத் துண்டித்தால், வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. கண நேரத்தில் அது பல மடங்கு எகிறி டயோடையும் ரெகுலேட்டரையும் காலி செய்யலாம். நன்றாக இருந்த ஆல்டர்னேட்டரை நாமே கெடுத்துவிட்டு, அதற்கும் நாமே பில் போடுகிறோம்.

மல்ட்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்ற சோதனை. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். யாரும் அளக்காமல் விடுவது எர்த்தை.

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை உப்புக்காற்றில் நிற்கிற வண்டிகள் இவை. மஹிந்திரா எம்.எம். 540 ஆகட்டும், மாருதி ஜிப்ஸி ஆகட்டும், எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டை மேலுக்கு நன்றாகத்தான் தெரியும். போல்ட்டுக்கு அடியில் துரு, ஒயர் உறைக்குள் செம்பு பச்சை பூத்திருக்கும். செல்ஃப் அடிக்கச் சொல்லி, பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வையுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் புது பேட்டரி வாங்கச் சொல்ல வேண்டாம். உப்புத்தாளையும் புது எர்த் ஒயரையும் எடுங்கள். ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் முனையிலிருந்து பேட்டரி பாசிட்டிவ் வரையும், எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, இதேபோல் அளக்க வேண்டும்.

டீசல் ஜீப்பில் இன்னொரு தொல்லை உண்டு. பிரேக்குக்கான வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே உட்கார்ந்திருக்கும் மாடல்களில், சீல் போனால் ஆயில் உள்ளே இறங்கி கார்பன் பிரஷ்ஷை ஊறவைத்துவிடும். சீலை விட்டுவிட்டு பிரஷ்ஷை மட்டும் மாற்றினால் வண்டி திரும்பி வரும்.

சாவியைத் திருப்பியதும் சார்ஜ் லேம்ப் எரிகிறதா? பழைய வண்டிகள் பலவற்றில் ஃபீல்டுக்குப் போகும் முதல் கரண்ட் அந்த பல்பு வழியேதான் போகிறது. பல்பு ஃபியூஸ் போயிருந்தால், ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிக்கும்வரை சார்ஜ் ஏறாமலே இருக்கலாம். அற்ப பல்புக்காக ஆல்டர்னேட்டரைப் பிரித்துப் போடுவது வீண் வேலை.

காட்டுக்கும் மலைக்கும் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் விளக்குகள் தனிக்கதை. 100 வாட் ஹாலஜன் நான்கு எரிந்தால் ஏறக்குறைய 30 ஆம்பியர். 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டரில் பேட்டரிக்கு என்ன மிஞ்சும்? இதை வண்டிக்காரரிடம் முகத்துக்கு நேரே சொல்லத்தான் வேண்டும்.

பேசின் பிரிட்ஜ் ரயில்பெட்டிப் பணிமனையில் 110 வோல்ட் பேட்டரிகளை அளந்து பதிவேட்டில் எழுதுவது அன்றாட வேலை. அதே பாலத்தருகே நம் பட்டறைகளில் எல்லாம் வாய்மொழித் தீர்ப்புதான். இந்த மாதம் முதல் ஒவ்வொரு பில்லிலும் நான்கு அளவுகளை எழுதுங்கள்: நிற்கும்போது, செல்ஃப் அடிக்கும்போது, ஓடும்போது உள்ள வோல்டேஜ், கூடவே எர்த் டிராப். வண்டிக்காரர் கேட்காவிட்டாலும் எழுதிக் கொடுங்கள், ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.