வண்டி பிடிச்சிருக்கு, சரி. ஷேர் எதுக்கு?

புது பைக் வாங்கின ஜோரில் அதே கம்பெனி ஷேரையும் பத்து வாங்கி டிமேட்டில் போட்டு வைக்கிற பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு இருக்கு. "வண்டி செம்மயா ஓடுதுங்க, கம்பெனி எப்படிப் படுக்கும்?" என்பதுதான் காரணம். எப்படிப் படுக்கும்னு பார்க்க எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் ஒரு பழைய இத்தாலிய கார். லான்சியா ஔரேலியா பி20 ஜிடி. வீடியோவில் இதை ரெண்டு நிமிஷத்தில் தாண்டிட்டேன். இங்கே கொஞ்சம் நின்னு பேசலாம்.

லான்சியா 1906ல் டூரின் நகரத்தில் ஆரம்பிச்ச கம்பெனி. எஞ்சினியர்களைக் கொண்டாடின இடம். தனியா சேஸிஸ் இல்லாம பாடியே பாரம் தாங்குற லாம்டா காரை 1922லேயே காட்டினவங்க. நிறுவனர் வின்சென்சோ லான்சியா 1937ல் இறந்துட்டார். போருக்குப் பிறகு அவர் மகன் ஜியான்னி கைக்குப் பொறுப்பு வந்தது. இருபதுகளில் இருந்தார், நம்ம வயசுதான்.

1950ல் ஔரேலியா செடான் வந்தது. தொழிற்சாலையில் தொடர்ச்சியாகத் தயாரான உலகின் முதல் வி6 இன்ஜின் இதில்தான். ஆறு சிலிண்டரை நேர்வரிசையில் வைத்தால் இன்ஜின் நீளமாகிவிடும். மூணு மூணாப் பிரித்து 'வி' வடிவில் வைத்தால் நீளம் குறையும், ஆனால் அதிரும். அந்த அதிர்வுக் கணக்கைப் பல வருஷம் போட்டுப் பார்த்து, 60 பாகைக் கோணத்தில் அடக்கினவர் ஃபிரான்செஸ்கோ டி விர்ஜீலியோ. அவருக்கு மேலே இருந்தவர் விட்டோரியோ யானோ, அல்ஃபா ரோமியோவில் ரேஸ் கார் செய்து பேர் வாங்கினவர். பிளாக் முழுக்க அலுமினியம்.

இதைவிட எனக்குப் பிடிச்ச விஷயம் பின்பக்கம் இருக்கு. சாதாரணமா கிளட்சும் கியர்பாக்ஸும் இன்ஜினோடு ஒட்டி முன்னால இருக்கும், மூக்கு கனத்துப் போகும். லான்சியா ரெண்டையும் தூக்கிப் பின்சக்கரங்களுக்கு நடுவே டிஃபரன்ஷியலோடு சேர்த்து வைத்தது. பாரம் முன்னும் பின்னும் பிரிஞ்சது. பின் பிரேக்கையும் சக்கரத்துக்குள் வைக்காம, உள்ளே தள்ளி அந்தப் பெட்டியோடு சேர்த்தாங்க. சக்கரத்தில் எடை குறைஞ்சா, மேடுபள்ளத்தில் டயர் ரோட்டை விட்டுத் துள்ளுறதும் குறையும்.

அடுத்த வருஷம் இதே அமைப்பைக் குட்டையாக்கி ரெண்டு கதவு கூப்பே ஆக்கினதுதான் பி20 ஜிடி. ஜிடி என்றால் கிரான் டூரிஸ்மோ. பெட்டி படுக்கையோடு ஊர் தாண்டி ஊர் வேகமாப் போகலாம், அலுப்புத் தெரியாது, அதே காரில் ரேஸுக்கும் போகலாம். சும்மா பேச்சுக்குச் சொல்லலை. 1951 மில்லே மில்லியா ரேஸில், 1,991 சிசி, 75 குதிரைத்திறன் வகையைச் சேர்ந்த இந்தக் கார் மொத்தத்தில் இரண்டாவது வந்தது. முதலில் வந்தது 4.1 லிட்டர் ஃபெராரி. 1954 மான்டி கார்லோ ராலியை லூயி ஷிரோன் ஔரேலியாவில்தான் ஜெயிச்சார்.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். 1951 முதல் 1958 வரை விற்ற பி20 மொத்தம் நாலாயிரத்தைத் தொடவில்லை. அந்த எண்ணிக்கைக்குள்ளேயே ஆறு சீரிஸ். இன்ஜினை 2.5 லிட்டர் ஆக்கினாங்க, பின் சஸ்பென்ஷனையே மாத்தினாங்க. ஓட்டுறவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொரு மாத்தத்துக்கும் புது அச்சு, புது உதிரிபாகம், புதுச் செலவு. அதே டூரினில் ஃபியட் 1955ல் 600 என்ற குட்டிக் காரை இறக்கி லட்சக்கணக்கில் விற்றது. அதில் வி6 எல்லாம் கிடையாது, நடுத்தரக் குடும்பம் வாங்க முடிகிற விலை இருந்தது.

ஜியான்னி நிறுத்தவில்லை. யானோவை வைத்து டி50 என்ற ஃபார்முலா 1 கார். ஊருக்குள் ஒரு தெருவுக்குக் குறுக்கே உயரமான தலைமை அலுவலகக் கட்டிடம். 1955 மே மாதம் அவருடைய நட்சத்திர ஓட்டுநர் ஆல்பெர்டோ அஸ்காரி மோன்சாவில் (ஒரு ஃபெராரியை ஓட்டிப் பார்க்கும்போது) இறந்தார். ஜூலையில் ரேஸ் கார்கள் மொத்தமும் ஃபெராரிக்குப் போயின. அடுத்த வருஷம் ஃபாஞ்சியோ உலக சாம்பியன் ஆனது அந்தக் காரின் வாரிசில்தான். லாபம் பார்த்தது வேற ஆள். கம்பெனி லான்சியா குடும்பத்தின் கையைவிட்டு சிமென்ட் தொழிலதிபர் கார்லோ பெசென்டியிடம் போனது. 1969ல் கடனோடு சேர்த்து ஃபியட் எடுத்துக்கொண்டது.

"ஃபெராரியும் ரேஸுக்குத்தானே கொட்டுச்சு, அது இன்னைக்கு நியூயார்க் ஷேர் மார்க்கெட்டில் ஜொலிக்குதே?" நியாயமான கேள்வி. ஆனால் ஃபெராரியும் அதே 1969ல் பாதிப் பங்கை ஃபியட்டுக்குக் கொடுத்துத்தான் தப்பிச்சது. 1951ல் உங்க சேமிப்பைக் கையில் வச்சுக்கிட்டு டூரினில் நிற்பதா நினைச்சுக்கோங்க. ஒரு பக்கம் 45 வருஷ அனுபவமும் தொடர்ச்சியாகத் தயாரான உலகின் முதல் வி6 இன்ஜினும் இருக்கிற லான்சியா. இன்னொரு பக்கம் நாலு வருஷம் முன்னாடி தன் பேரில் முதல் காரை இறக்கின ஃபெராரி. நான் லான்சியாவில்தான் போட்டிருப்பேன். நீங்களும்தான்னு நினைக்கிறேன். காரை ஓட்டிப் பார்த்து இந்த முடிவைத் தவிர்த்திருக்கவே முடியாது. ஒரு காருக்கு எவ்வளவு செலவு, எவ்வளவுக்கு விற்குது, ரேஸ் பணம் எங்கிருந்து வருதுன்னு கணக்குப் புத்தகத்தில் தேடியிருந்தால்தான் ஒரு வாய்ப்பு. அதனால்தான் உங்க பைக் கம்பெனி விஷயத்திலும், டெஸ்ட் ரைடு முடிஞ்சதும் ஆண்டறிக்கையில் அஞ்சு வருஷ கேஷ் ஃப்ளோ பக்கத்தைத் திறங்கன்னு கெஞ்சுறேன்.

ஷேர் வேண்டாம், காரையே வாங்கிப் போட்டிருந்தா? ரீல்ஸ்ல சுத்துற உதாரணம் ஃபெராரி 250 ஜிடிஓ. 1962ல் அமெரிக்காவில் சுமார் 18,000 டாலர், 2018 ஏலத்தில் 4.84 கோடி டாலர். கேட்டால் தலை சுத்தும். கால்குலேட்டரில் போடுங்க: 56 வருஷம், ஆண்டுக்கு 15 சதவீதம் வருது. இது உலகத்திலேயே அதிக விலைக்குப் போகிற கார்களில் ஒன்றின் கணக்கு, மொத்தம் செய்ததே 36தான். ஷெட் வாடகை, மெக்கானிக், இன்ஷூரன்ஸ் எதையும் இதில் இன்னும் கழிக்கலை.