கொடி விழுமுன் ஒரு வார்த்தை!

அமெரிக்காவில் சிற்றூர்கள் பலவற்றில், இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை இரவு என்றால் ஊரே உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் கூடிவிடும். அங்கே கால்பந்துப் போட்டி! பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் பெரும்பாலும் ஆட்டம்.

ஆடுகிறவர்கள் பள்ளிக்கூடத்துப் பையன்கள். இரத்தம் சூடான வயசு. எதிரியைக் கேலி செய்வான். நடுவரைத் திட்டுவான். கோட்டைத் தாண்டிவிட்ட குஷியில் பந்தைத் தரையில் ஓங்கி அடிப்பான். உடனே நடுவரின் மஞ்சள் கொடி கீழே விழும். அவர் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டுவார். “பண்பற்ற நடத்தை” என்று அர்த்தம்.

15 கெஜம் தண்டனை

அணி 15 கெஜம் பின்வாங்க வேண்டும். இது லேசான தண்டனை அல்ல. 10 கெஜம் முன்னேறுவதற்கே நான்கு வாய்ப்புகள்தான் உண்டு. ஒருவன் வாய்க்கொழுப்புக்கு 11 பேரும் பின்னால் நடக்கிறார்கள்! அதே பையன் இரண்டாம் தடவை அப்படிச் செய்தால் ஆட்டத்தை விட்டே வெளியேற்றப்படுவான்.

ஒருவன் குற்றத்துக்கு எல்லாரையும் தண்டிப்பது நியாயமா? நியாயம்தான். அப்பா சொல்லிக் கேட்காதவன், கூட்டாளி முறைத்தால் கேட்பான்.

ஆனால், சந்தோஷத்தில் பந்தை அடித்தவனும், விழுந்து கிடப்பவன் முகத்துக்கு நேரே நின்று ஏளனம் செய்தவனும் ஒன்றா? சட்டப் புத்தகம் இருவருக்கும் அதே 15 கெஜத்தைத்தான் கொடுக்கிறது. அனுபவமுள்ள நடுவர் கொடியை எடுக்குமுன் வாயைத் திறக்கிறார். “24-ம் நம்பர், போதும். பந்தைக் கொடு” என்கிறார். கேட்காவிட்டால் அணித் தலைவனைக் கூப்பிட்டுச் சொல்கிறார். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். ஏளனத்துக்கும் வசவுக்கும் மட்டும் தயவு கூடாது.

நடுவர் மீதே பாய்ச்சல்

2015 செப்டம்பரில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பள்ளி ஆட்டம். ஒரு மாணவன் பின்னாலிருந்து பாய்ந்து நடுவரைச் சாய்த்தான். இன்னொருவன், கீழே விழுந்தவர் மேல் தலைக்கவசத்தோடு மோதினான். தூண்டிவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் யார் தெரியுமா? துணைப் பயிற்சியாளர்!

பையன்களைத் திருத்தக் கொடி இருக்கிறது. காலரியில் உட்கார்ந்து கத்தும் பெரியவர்களுக்கு என்ன இருக்கிறது? 2018-19க்குப் பிறகு, எல்லா விளையாட்டுகளிலுமாகச் சுமார் 50,000 பள்ளி நடுவர்கள் விலகியதாகப் பள்ளிகளின் தேசியச் சம்மேளனமே கணக்குச் சொன்னது. கொரோனா ஒரு காரணம். வசவு இன்னொரு காரணம். பிறகு நிலைமை ஓரளவு தேறியது. ஆனாலும், நடுவர் கிடைக்காமல் சில இடங்களில் வெள்ளிக்கிழமை ஆட்டத்தை வியாழனுக்கு மாற்றினார்கள். அதற்கும் நடுவரைத்தான் திட்டியிருப்பார்கள்!