பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி முடிகிறது?

விடியற்காலைத் தண்ணீர்க் குழாயடியில் எழும் கேள்விகளுக்கு நாட்டில் எந்தப் பத்திரிகையும் தலையங்கம் எழுதுவதில்லை. நாம் எழுதுகிறோம். ஏனென்றால் சென்ற இரண்டு மாதங்களில் ஒரே கேள்வியை நம் சங்க அலுவலகத்துக்கு வந்த தாய்மார்களில் பலர், வேறு வேறு சொற்களில், நம்மிடம் கேட்டுவிட்டார்கள். ரேஷன் அட்டை மாற்ற வந்த ஒரு சகோதரி, வந்த வேலை முடிந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்து கேட்டார்:

"அவிய வீட்டுக்காரரும் எங்க வீட்டுக்காரரும் ஒரே பட்டறையிலதான் தைக்காவ. அதே பீஸ் ரேட்டு. அவிய வீட்டுல ஏ.சி. மாட்டியாச்சு, பையனை இங்கிலீஷ் மீடியத்துல போட்டாச்சு. எங்க வீட்டுல மாசக் கடைசி வாரம் பாலை நிறுத்துதோம். நான் சிக்கனமா இல்லைங்காரு அவரு. நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, எங்கே தப்பு?"

இந்தக் கேள்வியைப் பொறாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. நாம் ஒதுக்க மாட்டோம். இது நியாயமான கேள்வி. ஒரே கூலி வாங்கும் இருவரில் ஒருவர் மட்டும் நிமிர்ந்து நடக்கிறார் என்றால், காரணம் என்ன என்று கேட்பதுதானே அறிவு! ஆனால் பதில் தெரியாதபோது அந்தக் கேள்வி வீட்டுக்குள் புகுந்து புருஷனையும் பெண்டாட்டியையும் மோத விடுகிறது. அவர் அவளை ஊதாரி என்கிறார். அவள் அவரைக் குடிகாரர் என்கிறாள். பல வீடுகளில் இரண்டுமே பொய்.

முதலில் தெரிந்த கணக்கைப் பார்ப்போம். அந்த இரண்டு தையல்காரர்களில் ஒருவரின் தகப்பனார் 1960களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் பதனிடும் தொட்டிகளுக்கு வேலைக்கு வந்தவர். சேற்றிலும் நாற்றத்திலும் தகரத்தை நட்டு ஒரு குடிசை போட்டார். அதுதான் இன்று கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு அறை. மகன் கீழே குடியிருக்கிறார், மேலறையை வாடகைக்கு விட்டிருக்கிறார். மற்றவர் பத்தாண்டுகளுக்கு முன் வந்தவர். அதைப் போன்ற ஒரு மேலறையில்தான் வாடகைக்கு இருக்கிறார். வாடகை ஏழாயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அது வரவு, மற்றவருக்குச் செலவு. ஒரே பீஸ் ரேட்டு வாங்கும் இருவருக்கும் இடையில் மாதம் பதினாலாயிரம் ரூபாய் வித்தியாசம் வந்துவிட்டதே! இதில் யாருடைய சிக்கனத்துக்கு என்ன வேலை இருக்கிறது?

இந்த வித்தியாசம் இத்தோடு நிற்கப்போவதும் இல்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் விதிகளின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். பின்னால் வந்தவருக்கும் மேல்மாடியில் இருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே, அதுவும் விலைக்கோ வாடகைக்கோதான். தகப்பனார் ரயிலேறிய ஆண்டு எது என்பதுதான் பேரன் எங்கே படிப்பான் என்பதைத் தீர்மானிக்கிறது. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், எழுதுவோம்.

சரி, சொந்த அறை இல்லாதவர் வீட்டிலும் ஏ.சி. ஓடுகிறதே, அது எப்படி? இங்கேதான் குழாயடியில் யாரும் சொல்லாத கணக்கு தொடங்குகிறது. கல்யாணத்துக்குப் போட்ட நகை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "லாக்கரில் இருக்கிறது" என்பார்கள். அடகுக் கடையின் லாக்கரும் லாக்கர்தான்! வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் நகையை, வாழ்நாளில் இனி ஒருமுறை கழுத்தில் போடுவோமா என்று தெரியாத தாய்மார்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். கல்யாண வீடுகளில் மின்னுகிற சங்கிலிகளில் எது தங்கம், எது கவரிங் என்பதும் நமக்குத் தெரியும். யாரையும் இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை. அந்த நகைதான் அந்த வீட்டுப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகவும் கிழவரின் ஆஸ்பத்திரிச் செலவாகவும் ஆகியிருக்கிறது.

நகை தீர்ந்தபின் தண்டல். பத்தாயிரம் ரூபாய் என்று பேசி, ஆயிரத்தைந்நூறைப் பிடித்துக்கொண்டு, கையில் எண்ணாயிரத்தைந்நூறு தருகிறார்கள். நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய், நூறு நாள். "என்னய்யா பெரிய வட்டி, பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறுதானே, பதினைந்து விழுக்காடு" என்று நம்மவர்களே சொல்கிறார்கள். அது அப்படியல்ல. முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். ஐம்பதாம் நாள் ஏறத்தாழப் பாதிப் பணம்தான் நம் கையில் இருக்கிறது. கடனும் ஓராண்டுக் கடன் அல்ல, மூன்றேகால் மாதக் கடன். முறையாகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் நூற்றிருபது விழுக்காடு வட்டி. மீண்டும் சொல்கிறோம், நூற்றிருபது! சங்கத்தில் கணக்குப் படித்த இளைஞர்களை வைத்து இரண்டு முறை சரிபார்த்த பிறகே இதை அச்சில் ஏற்றுகிறோம்.

தண்டல்காரராவது முகம் தெரிந்தவர். இப்போது கடை வாசலிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வட்டியே இல்லாத தவணையாம்! ரொக்கம் கொடுத்தால் பதினாறாயிரத்தைந்நூறுக்குத் தரும் கைப்பேசியைத் தவணைக்காரருக்குப் பதினெட்டாயிரம் என்று பில் போட்டு, மாதம் ஆயிரத்தைந்நூறாகப் பன்னிரண்டு மாதம் கட்டச் சொல்லி, 'பிராசசிங்' என்று தனியே முந்நூறும் வாங்கிக்கொண்டால், அந்த ஆயிரத்தெண்ணூறுக்கு வட்டி என்று பெயர் வைக்காமல் வேறு என்ன பெயர் வைப்பது? பூஜ்ய வட்டி என்ற ஒன்று கிடையவே கிடையாது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொன்னது. சொல்லி என்ன? பலகையில் வாசகம் மாறியது, வியாபாரம் நடக்கிறது.

பெண்கள் குழுக் கடன் இன்னொரு வகை. ஈடு கேட்பதில்லை, பத்துப் பெண்களை ஒருவருக்கொருவர் ஈடாக்கிவிடுகிறார்கள். ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற ஒன்பது பேரும் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். வசூலிக்கும் வேலையைச் சம்பளம் இல்லாமல் நம் பெண்களே செய்கிறார்கள்! குழாயடியில் பேசிச் சிரித்தவர்கள் மறுநாள் முகம் பார்ப்பதில்லை. இந்தக் கடனுக்கு 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதிகள் வகுத்திருக்கிறது. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடன் இது. ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதந்தோறும் கட்டும் தொகை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக்கூடாது. விண்ணப்பத்தில் உங்கள் வருமானம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? இருபதாயிரம் வருகிற வீட்டுக்கு இருபத்தைந்தாயிரம் என்று எழுதினால், கழுத்தில் ஏற்றக்கூடிய தவணை பத்தாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரத்தைந்நூறாக ஆகிவிடும். கையெழுத்துப் போட்டது நீங்கள்.

சீட்டையும், மராத்தியர்களோடு சேர்ந்து நாம் போடும் பிஷியையும் இவற்றோடு ஒன்றாகக் கட்ட நாம் தயாரில்லை. நாணயமானவர் நடத்தும் சீட்டு பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. நம் மாத இதழின் முதல் ஆண்டுச் சந்தாக்களில் பாதி சீட்டுப் பணத்தில் வந்ததுதான். ஆனால் 1982ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா, வெறும் நோட்டுப் புத்தகச் சீட்டா என்று கேட்காமல் பணம் போடாதீர்கள். நடத்துகிறவர் ஊரைவிட்டுப் போனபின் சங்கத்துக்கு வந்து அழுதால், நாமும் கூட அழத்தான் முடியும்.

இவ்வளவும் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொன்னோம். இப்போது கொஞ்சம் நம்மையே பார்த்துக்கொள்வோம். ஊரில் கோயில் கொடை என்றால் நாகர்கோவில் வண்டியில் இரண்டு மாதம் முன்னதாகவே டிக்கெட் போடுகிறோம். மும்பையில் வடா பாவில் ஒரு வேளையை ஓட்டுகிறவர், ஊர் எல்லையில் இறங்கியதும் வாடகைக் கார் பிடிக்கிறார். மச்சினனுக்குச் சட்டை, மதினிக்குப் புடவை, கொடைக்கு வரி, அதற்குமேல் நன்கொடை, ஒலிபெருக்கியில் "பம்பாய் வாழ்" என்ற அடைமொழியோடு பேர்! (1995இல் ஊர்ப் பெயர் மாறியும் நம் ஊர் ஒலிபெருக்கிக்கு அது இன்னும் எட்டவில்லை.) அன்று இரவு அந்தக் கிராமத்துத் திண்ணையில் ஒரு பெண் தன் புருஷனிடம் கேட்கிறாள்: "அவுகளும் கூலி வேலைதானே பார்க்காவ, அவுகளுக்கு மட்டும் எப்படி முடியுது?" நாம் திரும்பி வந்து, கார் வாடகைக்கு வாங்கிய கடனுக்கு ஆறு மாதம் தவணை கட்டுகிறோம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் புருஷனும் அடுத்த ஆண்டு நம்மைப் போல் ஆகவேண்டும் என்று கடன் வாங்கித்தான் ரயிலேறுகிறான்.

கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நெல்லைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கந்து வட்டியையும் மீட்டர் வட்டியையும் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் 2017 அக்டோபரில், அந்த வட்டிக்கு எதிராகக் கொடுத்த மனுக்கள் பலனளிக்கவில்லை என்று, ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் எரிந்து மாண்டார்.

அப்படியானால் கடனே வாங்காதீர்கள் என்று உபதேசம் செய்யப்போகிறோமா? இல்லை. அந்த உபதேசத்தை வயிறு நிறைந்தவர்கள் செய்வார்கள். அவசரநிலைக் காலத்தில் மகாராஷ்டிர அரசு கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. ஏழைத் தொழிலாளியின் கடன் தள்ளுபடி, அடகுப் பொருள் திரும்பக் கிடைக்கும் என்றது. வட்டிக்கடைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1977இல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நம் மூத்தவர்கள் இதைச் சொல்லும்போது அடுத்த வாக்கியத்தையும் சேர்த்தே சொல்வார்கள்: "பாத்திரம் திரும்பி வந்தது, கூலி கூடவில்லை, அதே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அதே படியேறினோம்."

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. நம்மிடம் வரும் கடன் கதைகளில் ஏ.சி.யால் முளைத்தவை சில, ஆஸ்பத்திரியால் முளைத்தவை பல. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்கூடத்துக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 2017இல் சம்பள வரம்பு 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் எழுபது விழுக்காடு. இருபது பேர் தைக்கும் பட்டறையில் ஒன்பது பேரை மட்டும் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார் முதலாளி. இருபது பேருக்கும் காய்ச்சல் வந்தால் தண்டல்காரர்தான் இ.எஸ்.ஐ.! அந்த இருபது பேரும் ஒருவரையொருவர் பார்த்து "உனக்கு மட்டும் எப்படி முடிகிறது" என்று கேட்டுக்கொண்டிருக்கும் வரை, முதலாளியைப் பார்த்து யாரும் எதையும் கேட்கப்போவதில்லை.

இதையெல்லாம் எழுதும் நம் கையும் சுத்தமில்லை. போன பொங்கல் விழாவுக்குப் பக்கத்துப் பேட்டைச் சங்கம் போட்ட மேடையைவிட நம் மேடை பெரிதாக இருக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. நாமும் கை தூக்கினோம். வசூலுக்கு மேல் நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் துண்டு விழுந்தது. பந்தல்காரருக்கு இன்னும் பாக்கி. இந்தப் பேட்டையில் "அந்தச் சங்கத்துக்கு எப்படி முடிகிறது" என்று கேட்டவர்களுக்குப் பதில் இதுதான்: முடியவில்லை. வரவு செலவு முழுவதும் இந்த இதழின் பின்னட்டையில் அச்சாகியிருக்கிறது. வரும் பொங்கலுக்கு மேடை கிடையாது, பள்ளிக்கூட மைதானத்தில் பானை வைப்பதோடு சரி. நம் மண்டபத்தில் நடக்கும் சடங்கு, கல்யாணம் எதிலும் இனி மொய்த் தொகையை ஒலிபெருக்கியில் வாசிக்கவும் அனுமதியில்லை.

இந்த மாதம் மூன்றாவது ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். குழுக் கடன் அட்டை, தவணைத் தாள், அடகுச் சீட்டு, தண்டல் நோட்டு எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். உண்மையான வட்டி எவ்வளவு என்று இளைஞர்கள் உட்கார்ந்து போட்டுத் தருவார்கள். பட்டறையில் எத்தனை பேர் ஏட்டில் இருக்கிறார்கள், எத்தனை பேர் இல்லை என்ற விவரத்தையும் எழுதி எடுத்து வாருங்கள். யார் பெயரும் வெளியே போகாது. தாய்மார்கள் தனியே வருவதானால் பின்பக்க அறையில் மகளிர் குழுவினர் இருப்பார்கள். ரேஷன் அட்டை மாற்ற வந்த அந்தச் சகோதரியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்காளையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறோம்.