ஆடிப் பார்க்காத அட்டை

"சோதனை பண்ணிக்கிட்டே இருந்தா கற்பனை செத்துடும்" என்று அட்டை விளையாட்டுப் பிரியர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எந்தக் கற்பனை செத்ததாம்?

'மேஜிக்: த கேதரிங்'கில் 2024 ஜூனில் வந்த 'நாடு' என்ற பறவையைப் பாருங்கள் (பெயர்தான் அப்படி, நம்ம நாடு இல்லை). உங்கள் உயிரினத்தை ஏதாவது மந்திரமோ திறனோ குறிவைத்தால் கட்டின் மேல் அட்டை உங்களுக்கு. நில அட்டை என்றால் நேராகக் களத்துக்கே. ஒரு முறைக்கு ஒவ்வொரு உயிரினத்துக்கும் இரண்டு தடவை. அழகான யோசனைதான். ஆனால் 2005-லேயே வந்த 'ஷுகோ' என்ற உபகரணத்தைச் செலவே இல்லாமல் திரும்பத் திரும்ப மாட்டலாம். மாட்டும்போதெல்லாம் குறிவைப்பு, அட்டை. எதிரே இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆகஸ்டில் மாடர்ன் போட்டிகளில் தடை.

பிறகு வடிவமைத்தவரே எழுதினார்: கடைசி நேரத்தில் வாசகம் மாறியது, மாறிய வடிவத்தை யாரும் ஆடிப் பார்க்கவில்லை. இதில் துணிச்சல் எங்கே இருக்கு? உப்பை மாற்றிவிட்டு ருசி பார்க்காமலே பந்தியில் பரிமாறிய கதை இது. 2004-ல் 'ஸ்கல்கிளாம்ப்'பும் இப்படித்தான், கடைசிக் கட்டத்தில் எண் மாறி, சில மாதங்களில் தடைக்குப் போனது.

லட்சம் பேர் ஒரே வாரத்தில் கண்டுபிடிப்பதை ஒரு சின்னக் குழு தவறவிடலாம்; அதை நான் மன்னிப்பேன். ஆடியே பார்க்காதது வேற. நான் கேட்பது இவ்வளவுதான்: கடைசியில் ஒரு வரி மாறினால் அந்த அட்டையை அடுத்த தொகுப்புக்குத் தள்ளுங்கள். நான்கு பிரதி காசு போட்டு வாங்கினவருக்குத் தடைக்கு அப்புறம் அந்தக் காசை யாரும் திருப்பித் தருவதில்லை.