தொட்டிலை விட்டுக் கட்டிலுக்கு

பிறந்த பிள்ளையைத் தொட்டிலில் இடுவதற்கு நம்மவர் நாள் பார்ப்பார்கள், உறவினரை அழைப்பார்கள், பேத்தியார் தாலாட்டுப் பாடுவார். அதே பிள்ளை தொட்டிலை விட்டுக் கட்டிலுக்குப் போவதற்கு எவரும் நாள் பார்ப்பதில்லை. பெரியவர்களுக்கு வசதிப்பட்ட ஒரு நாளில் அக்காரியம் நடந்து முடிந்துவிடுகின்றது. ஆயினும், பிள்ளையின் பக்கத்தில் நின்று நோக்குவோமாயின், முன்னையதிலும் பின்னையதே பெரிய மாற்றம் என்பது விளங்கும். தொட்டிலில் இடப்பட்ட நாளைப் பிள்ளை அறியாது. தொட்டிலை இழந்த நாளை நன்றாக அறியும்.

எப்பொழுது மாற்றுவது என்பதே தாய்மார் முதலிற் கேட்கும் கேள்வி. "இரண்டு வயதாகியும் இன்னும் தொட்டிலா?" என்று அயலார் வினவுவதைக் கேட்டு அவசரப்படவேண்டியதில்லை. இங்கே வயதைக் காட்டிலும் உயரமே நல்ல அளவுகோல். பிள்ளை ஏறக்குறைய 35 அங்குலம், அதாவது 89 சென்ரிமீற்றர், வளர்ந்துவிட்டாலும், அது எழுந்து நிற்கும்போது தொட்டிலின் மேற்சட்டம் அதன் நெஞ்சளவுக்குக் கீழே இருந்தாலும், தொட்டிலின் காலம் முடிந்துவிட்டதெனக் கொள்ளவேண்டும் என்பது குழந்தை வைத்தியர்கள் கூறும் விதி. இரண்டு வயதைத் தாண்டிய சில மாதங்களில் பல பிள்ளைகள் இவ்வுயரத்தை எட்டிவிடுகின்றனர். ஆனால், உயரம் எதுவாயினும், பிள்ளை ஒரு காலைத் தூக்கிச் சட்டத்தின்மேற் போட்டுவிட்டதென்றால் அன்றே மாற்றத்தைத் தொடங்குதல் நன்று. தொட்டிலின் உயரத்திலிருந்து தலைகீழாக விழுவதிலும் தாழ்ந்த படுக்கையிலிருந்து உருண்டு இறங்குவது எவ்வளவோ மேல்.

அதுவரைக்கும் தொட்டிலே நல்ல இடம். மெத்தையை ஆகக் கீழ்த்தட்டில் வையுங்கள். பெரிய பொம்மைகளையும் தலையணைகளையும் எடுத்துவிடுங்கள்; அவை பிள்ளைக்கு ஏணிப்படியாகும். 2018 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, 18 மாதம் முதல் 36 மாதம் வரையான பிள்ளைகளை உடைய மேனாட்டுப் பெற்றோரை விசாரித்தது. தொட்டிலில் உறங்கும் பிள்ளைகள் நேரத்தோடு படுக்கைக்குச் செல்வதாகவும், இரவில் விழித்தெழுவது குறைவென்றும் அவர்கள் கூறினர். ஆகவே, ஏறி இறங்கத் தெரியாத பிள்ளையை முற்கூட்டியே வெளியேற்றுவதால் வீட்டாருக்கு நித்திரை குறையுமேயன்றிக் கூடாது.

அவசரத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. வீட்டில் இரண்டாவது பிள்ளை வரப்போகின்றது, தொட்டில் தேவைப்படுகின்றது. இவ்விடத்திலேதான் தாய்தந்தையர் சற்று நிதானிக்கவேண்டும். தம்பியோ தங்கையோ வந்த அன்றே மூத்த பிள்ளை தன் படுக்கையை இழக்குமாயின், அது என்ன எண்ணும்? தன் இடத்தை மட்டுமன்றித் தாயின் மடியையும் ஒருவன் பறித்துக்கொண்டான் என்றே எண்ணும். பின்னாளில் அது பிஞ்சுக் குழந்தையைக் கிள்ளிவிட்டு ஓடுமானால், குற்றம் யாருடையது? மாற்றுவதானால் பேறுகாலத்துக்கு இரண்டு மாதமேனும் முன்னதாக மாற்றிவிடுங்கள். அதற்கு அவகாசம் இல்லையெனில், குழந்தை பிறந்து சில மாதங்கள் செல்லும்வரை பொறுத்திருங்கள். அதுவரை புதிய குழந்தைக்கு ஒரு சிறு தொட்டிலை இரவல் வாங்குவது இயலாத காரியமன்று.

இனிப் படுக்கையைப்பற்றிச் சிறிது கூறுவோம். கட்டிலென்றால் உயர்ந்த கட்டில்தான் வேண்டுமென்பதில்லை. நிலத்திலே பாயை விரித்து அதன்மேல் மெல்லிய மெத்தையைப் போட்டால், விழுவதற்கு உயரமே இராது. நம் முன்னோர் அறிந்த இந்த முறையிற் குறை காண இடமில்லை. கட்டில் போடுவதாயின் தாழ்ந்ததாகப் போடுங்கள். மெத்தைக்கும் சுவருக்கும் இடையே பிள்ளை சிக்கிக்கொள்ளக்கூடிய இடைவெளி இருத்தலாகாது. கட்டிலின் ஓரத்திற் பொருத்தும் தடுப்புச் சட்டங்கள் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஏற்றவையல்ல; அவர்கள் அவற்றுக்கும் மெத்தைக்கும் நடுவில் அகப்பட்டு மூச்சுத் திணறக்கூடும். இரண்டடுக்குக் கட்டிலின் மேற்தட்டு ஆறு வயது நிரம்பாதவர்களுக்கு ஆகாது.

நுளம்பு வலையை மறவாதீர்கள். இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது மெய்யே; ஆனால் டெங்கு நம்மை விட்டு நீங்கவில்லை. டெங்கு நுளம்பு பகலிற் கடிப்பது. ஆகையால் பிள்ளையின் மத்தியான நித்திரைக்கும் வலை வேண்டும். வலையின் ஓரங்களை மெத்தையின் கீழ் நன்றாகச் செருகிவிடுங்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்றுண்டு. தொட்டிலில் இருந்த பிள்ளைக்கு விழிப்பு வந்தால் அது அழுது உங்களை அழைக்கும். கட்டிலிற் படுத்த பிள்ளை அழைக்காது, எழுந்து நடக்கும். நடுச்சாமத்தில், நீங்கள் அயர்ந்து உறங்கும் வேளையில், வீடு முழுவதும் அதன் வசமாகும். ஆகவே, முதலிரவு வருமுன் ஒருமுறை முழங்காலில் இருந்து, பிள்ளையின் கண்மட்டத்தில் உங்கள் அறையைப் பாருங்கள். அலுமாரியின் லாச்சிகள் அதற்குப் படிக்கட்டுகள். அலுமாரி சாய்ந்து விழாதபடி சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கவேண்டும். யன்னற் திரையின் கயிறு எட்டாத உயரத்திற் கட்டப்பட்டிருக்கவேண்டும். மருந்துக் குளிசைகளும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் நெருப்புப் பெட்டியும் பூட்டினுள் இருக்கவேண்டும். கிணற்றடிக்குப் போகும் கதவின் தாழ்ப்பாள் பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் இருத்தல் அவசியம். கயிறு கட்டி இறைக்கும் கிணறாயினும் மோட்டார் பூட்டிய கிணறாயினும் ஆழம் ஒன்றே.

முதற் சில இரவுகளிற் பிள்ளை எழுந்து உங்களிடம் வரும். அதட்டவேண்டாம், கதை சொல்லி விளையாட்டாக்கவும் வேண்டாம். "நித்திரை நேரம், குஞ்சு" என்ற இரண்டொரு சொற்களோடு கைப்பிடித்துக் கொண்டுபோய் மறுபடியும் படுக்கவிடுங்கள். ஓரிரவிற் பத்துமுறை வந்தாலும் பத்துமுறையும் அவ்வாறே செய்யுங்கள். இன்று அதட்டல், நாளை அணைப்பு, மறுநாள் தாயின் படுக்கை என்று மாறிமாறி நடப்பதே பிள்ளையைக் குழப்புவது. ஒன்று முதல் இரண்டு வயதுவரையான பிள்ளைக்கு நாளொன்றில் 11 முதல் 14 மணித்தியாலமும், மூன்று முதல் ஐந்து வயதுவரை 10 முதல் 13 மணித்தியாலமும், பகல் நித்திரையையும் சேர்த்து, உறக்கம் தேவை. அதற்கேற்ப மாலை உணவு, குளிப்பு, விளக்கணைப்பு ஆகிய ஒழுங்கு முன்போலவே நடக்கட்டும். படுக்கை ஒன்று மட்டும் மாறட்டும்.

தொட்டிலைக் கழற்றும் நாளிற் பிள்ளையை அயல்வீட்டுக்கு அனுப்பிவைத்து, அது திரும்பி வருமுன் ஒளித்துவிடுவோரும் உளர். அவ்வாறு செய்யற்க. அது பார்த்துக்கொண்டிருக்கக் கழற்றுங்கள்; தலையணையைத் தன் கையாலேயே புதிய படுக்கைக்குக் கொண்டுபோகட்டும். பழைய போர்வையையும் கூடவே கொடுங்கள். துவைத்துப் புதுவாசனை ஏற்றிக் கொடுக்கவேண்டாம். அந்தப் பழைய வாசனையை நம்பித்தான் அது அன்றிரவு கண்ணை மூடும்.