உயரம் சரி, ஸ்ட்ரட் சரியா?

மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ் கிளாஸ் வரிசையின் டபிள்யூ 220 தலைமுறை 1998இல் அறிமுகமாகி 2005 வரை தயாரானது. சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நான்கு சக்கரங்களுக்கும் காற்று நிரப்பிய ஸ்ட்ரட். ஏர்மேட்டிக் என்று பெயர். அந்த வரிசையில் கடைசியாக வெளிவந்த வண்டிக்கே 20 வயது நிரம்பிவிட்டது. இரும்புக்கு அது ஒரு வயதில்லை. நாளெல்லாம் மடிந்து விரியும் ரப்பருக்கு அது முதுமை. கம்பெனிப் பெட்டியில் வரும் ஸ்ட்ரட் நான்கையும் மாற்றினால் வண்டியின் இன்றைய மதிப்பில் பெரும்பங்கு கரைந்துவிடும் என்பதால், உரிமையாளர்கள் வெளிச்சந்தை ஸ்ட்ரட்டைத் தேடுகிறார்கள். அது கிடைக்காமலும் இல்லை. நான்கைந்து தினுசில் கிடைக்கிறது. அவற்றைப் பிரித்தறிவதில்தான் பட்டறைகள் தடுமாறுகின்றன.

சொகுசு காருக்குக் காற்று ஸ்பிரிங் புதிய எண்ணமில்லை. 1957இல் கேடிலாக் எல்டோராடோ புரோமில் அது வந்தது. கசிவுத் தொல்லை பொறுக்காமல் பலர் அதைக் கழற்றிச் சுருள் ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். மெர்சிடிஸ் 1961இல் 300 எஸ்இ வண்டியிலும் 1963இல் 600 வண்டியிலும் காற்றைப் பயன்படுத்தியது. ஏர்மேட்டிக் அதற்குச் சேர்த்தது மின்னணுக் கட்டுப்பாட்டை. அந்தக் கட்டுப்பாடு எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பது தெரிந்தால்தான் வெளிச்சந்தை ஸ்ட்ரட்டை எடைபோட முடியும்.

டபிள்யூ 220இல் உயர சென்சார்கள் மூன்றே. முன்பக்கம் இடம், வலம் ஒவ்வொன்று. பின் ஆக்சிலுக்கு மொத்தமாக ஒன்று. வண்டி குறித்த உயரத்துக்குக் கீழே போனால் கம்ப்ரசர் ஓடி, ஸ்ட்ரட்டுகளுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் வால்வ் பிளாக் வழியாகக் காற்று ஏறும். மேலே போனால் காற்று வெளியேறும். காற்றை ஏற்றவும் இறக்கவும் கண்ட்ரோல் யூனிட் பார்ப்பது முக்கியமாக உயரத்தையே. காற்றை அடக்கும் ரப்பர்க் குழாயான பெல்லோஸின் விட்டம் குறைவா, ரப்பர் தடிப்பா, உள்ளிருக்கும் ஷாக் அப்சார்பர் உயிரோடு இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. எந்த ஸ்ட்ரட்டைப் போட்டாலும் மின்சுற்று சரியாக இருந்து காற்று நிற்கும்வரை வண்டி எழுந்து நின்றுவிடும், டிஸ்பிளேயில் எச்சரிக்கையும் வராது. “வண்டி தூக்கிடுச்சு, வேலை முடிஞ்சது” என்று சாவியைக் கொடுத்துவிடும் பழக்கம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

வாங்குவதற்கு முன் பழுது ஸ்ட்ரட்டில்தானா என்று உறுதி செய்ய வேண்டும். மாலையில் வண்டியை நிறுத்தியதும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றின் ஏற்ற இறக்கமும் கணக்கில் கலந்துவிடும். காலையில் மறுபடி அளந்தால், ஒரு மூலை மட்டும் இறங்கியிருப்பது பெரும்பாலும் அந்த ஸ்ட்ரட்டின் குற்றம். முன்பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கினால் வால்வ் பிளாக்கையும் சந்தேகிக்கலாம். நான்கு மூலையும் ஒரே அளவாகச் சில மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் பதற வேண்டியதில்லை. பகலில் 40 டிகிரியில் இருந்த காற்று விடியலில் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதன் கன அளவு ஏறத்தாழ 5 சதவீதம் சுருங்கும். நம் ஊர் வெயிலில் இது வருடத்தில் பல மாதம் நடக்கும் இயற்கை. இதற்குப் போய் ஸ்ட்ரட் மாற்றிய பில்லும் உண்டு. சந்தேகம் தீரச் சோப்புத் தண்ணீர் போதும். தூசி உறையை விலக்கி மடிப்பின் மேலும், மேல்முனையில் காற்றுக்குழாய் சேரும் நட்டைச் சுற்றியும் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிவிடும். நட்டில் மட்டும் குமிழி வந்தால் செலவு மிகச் சிறியது.

பெல்லோஸ் என்பது நூலிழை பதித்த ரப்பர்க் குழாய். அசல் ஸ்ட்ரட்டில் அதைச் சுற்றி அலுமினிய உறை இருப்பதால் ரப்பர் பக்கவாட்டில் உப்பாது. அதனால் ரப்பரை மெல்லியதாகவே வைக்க முடிகிறது. மெல்லிய ரப்பர் எளிதில் மடியும். சாலையின் சிறு நெளிவுகளை விழுங்கிவிடும். சில மாற்றுத் தயாரிப்புகள் ஆயுளை நினைத்துத் தடித்த ரப்பரைப் போடுகின்றன. அது வெடிக்காமல் பல காலம் உழைக்கலாம், ஆனால் மடிப்பிலேயே உராய்வு கூடுவதால் சிறு பள்ளங்களின் தட்டல் ஸ்டியரிங் வரை வரும். பெரிய பள்ளத்தில் வித்தியாசம் தெரியாது. தார் ஒட்டுப்போட்ட சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

விட்டமும் முக்கியம். ஒரு ஸ்ட்ரட் 4,500 நியூட்டன் சுமையைத் தாங்குவதாகவும் பெல்லோஸின் பயனுறு விட்டம் 100 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், தேவைப்படும் அழுத்தம் சுமார் 5.7 பார். நகல் தயாரிப்பில் அந்த விட்டம் 95 ஆகிவிட்டால் அதே சுமைக்குச் சுமார் 6.3 பார் வேண்டும். வெறும் 5 மில்லிமீட்டரில் அழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. அந்தப் பாரம் கம்ப்ரசரின் தலையில். பின் ஆக்சிலில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. அங்கே ஒரே சென்சார் என்பதால் இரு ஸ்ட்ரட்டிலும் காற்று சேர்ந்தே ஏறுகிறது. இடப்பக்கம் ஒரு தயாரிப்பும் வலப்பக்கம் வேறொன்றும் இருந்தால், ஒரே அழுத்தத்தில் இரண்டும் வேறுவேறு விசையைத் தரும். வண்டி ஒருபக்கம் சாயப் பார்க்கும், யூனிட் அதைக் கண்டுகொள்ளாது. பின்பக்க ஸ்ட்ரட்டை ஜோடியாகவே மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பெரும் ஏமாற்றம் ஷாக் அப்சார்பரில் இருக்கிறது. சாதாரண ஷாக்கில் சீல் போனால் எண்ணெய் வெளியே வழிந்து கண்ணுக்குத் தெரியும். காற்று ஸ்ட்ரட்டில் ராடு பெல்லோஸுக்குள்ளேயே ஏறி இறங்குவதால் கசியும் எண்ணெயும் உள்ளேயே தங்கி ரப்பரை அரிக்கும். வெளியே துளிகூட வராது. ரீகண்டிஷன் ஸ்ட்ரட் என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட பழைய ஷாக்குக்குப் புதிய பெல்லோஸ் மாட்டி, வளையங்களை அழுத்தி இறுக்கி, கறுப்புப் பெயின்ட் அடித்தது. நல்ல நிறுவனங்கள் ஷாக்கைச் சோதித்து, தேறாததைக் கழிக்கின்றன. மற்றவை கழுவித் துடைப்பதோடு சரி. காற்று இல்லாத நிலையில் கையால் அழுத்தி விட்டுப் பார்க்கலாம். வாயு நிரப்பிய ஷாக் மெதுவாகத் திரும்பி எழ வேண்டும். அமுங்கியபடியே கிடந்தாலோ, பாதித் தூரத்தில் பிடிப்பில்லாமல் சரக்கென்று நழுவினாலோ பெட்டியை மூடித் திருப்பி அனுப்புவதே லாபம்.

அசல் ஷாக்கில் இரண்டு மின்வால்வுகள் உண்டு. அவை திறந்து மூடும் சேர்க்கையில் நான்கு நிலைத் தணிப்பு கிடைக்கிறது. விலை குறைந்த சில மாற்று ஸ்ட்ரட்டுகளில் இந்த வால்வே கிடையாது. கனெக்டர் இருக்கும், உள்ளே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். மின்சுற்றில் தடை சரியாகத் தெரிவதால் யூனிட் வால்வ் இருப்பதாக நம்பிக்கொள்ளும். டாஷ்போர்டில் ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், வண்டியின் நடையில் மாற்றமே இருக்காது. ஒரே கடினத்தன்மையுள்ள ஷாக்கை விற்பதில் குற்றமில்லை. அதைச் சொல்லாமல் விற்பது மோசடி.

சுருள் ஸ்பிரிங் மாற்றுத் தொகுப்பும் சந்தையில் உண்டு. எச்சரிக்கையை அடக்க ஒரு சிறு மின்பெட்டியையும் சேர்த்துத் தருகிறார்கள். கசிவு என்ற பேச்சே போய்விடும். ஆனால் பின்னிருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளும் ஏறினால் பின்பக்கம் தாழும், 140 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் உயரம் தானாகக் குறையும் வசதியும் இல்லை. வண்டியை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டினால் போதும் என்பவருக்கு அது நியாயமான தேர்வுதான்.

காற்று ஸ்ட்ரட்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போது சேசிஸ் எண்ணைக் கொண்டு சரிபார்ப்பது அவசியம். நான்கு சக்கர இயக்கமுள்ள 4மேட்டிக் வண்டியின் முன் ஸ்ட்ரட் வேறு; ஏபிசி ஹைட்ராலிக் அமைப்புள்ள வண்டிக்கு இந்த ஸ்ட்ரட்டே பொருந்தாது. பொருத்தும்போது பல புது ஸ்ட்ரட்டுகள் கெடுவது ஒரே இடத்தில்: காற்று ஏறாத பெல்லோஸ் மேல் வண்டியின் எடையை இறக்கிவிடுகிறார்கள். ரப்பர் தப்பான இடத்தில் மடிந்து நசுங்கும். அன்றைக்குக் கசியாது, சில வாரம் கழித்துக் கசியும், பழி தயாரிப்பாளர் மேல் விழும். லிஃப்டில் சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஸ்கேனர் வழியாகக் காற்று ஏற்றி, பெல்லோஸ் சீராக உருண்டிருப்பதைப் பார்த்த பிறகே கீழே இறக்க வேண்டும். கண்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகளின் கடைசி இறுக்கு, வண்டி தன் உயரத்தில் நிற்கும்போது. காற்றுக்குழாயின் நுனியை நேராக வெட்டி, புது ஸ்ட்ரட்டோடு வரும் புது இணைப்பையே போட வேண்டும்.

கசிந்த ஸ்ட்ரட்டோடு மாதக்கணக்கில் ஓடிய வண்டியில் கம்ப்ரசரும் களைத்திருக்கும். அதன் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், ரிலேயின் முனைகள் கருகியிருக்கும், காற்றை உலர்த்தும் மணிகள் ஈரம் குடித்து முடித்திருக்கும். ரிலே மலிவு, அதை எப்படியும் மாற்றிவிடலாம். கம்ப்ரசர் வண்டியைத் தூக்க எடுக்கும் நேரத்தை அளந்து குறித்துவைத்தால் அடுத்த முறை ஒப்பிட உதவும். கடைசியில் உயர அளவைச் சீர்செய்துவிட்டு, போட்ட ஸ்ட்ரட் புதியதா ரீகண்டிஷனா, மின்வால்வ் உள்ளதா ரெசிஸ்டர் மட்டுமா, எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்பதை பில்லிலேயே எழுதித் தர வேண்டும்.