மூத்திரத்தில் என்ன வெட்கம்?

திருச்செந்தூருக்கு வியாதி தீர வருகிறவர்கள் நாழிக்கிணற்றில் குளித்து, இலை விபூதியை மடியில் முடிந்துகொண்டு போகிறார்கள். போகட்டும். ஆனால் மூத்திரத்தில் இரத்தங் கண்ட ஒருவன், "வலிதான் இல்லையே, உஷ்ணமாயிருக்கும்" என்று இளநீரைக் குடித்து, நேர்த்திக்கடனையும் நேர்ந்துகொண்டு ஆறு மாதம் கழிப்பானேயானால், அந்த ஆறு மாதத்தை எந்தச் சுவாமி திருப்பிக் கொடுக்கும் என்று கேட்கிறோம். மூத்திரப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமே பெரும்பாலும் வலியில்லாத இரத்தந்தான். அது இரண்டு நாளில் தானே நின்றுவிடவுங்கூடும். நின்றதனால் நோய் போய்விட்டதென்று அர்த்தமல்ல. பெண்களோ இதை வெளியில் சொல்லவே கூசி, தீட்டுக் கோளாறென்று இருந்துவிடுகிறார்கள்.

இதற்குப் பெரிய காரணம் தலைவிதியல்ல, புகையிலை. பீடிப் புகையின் விஷம் இரத்தத்தில் கலந்து, மூத்திரத்தோடு வந்து பையில் தேங்குகிறது. (நம் சீமையில் எத்தனையோ பெண்கள் பீடி சுற்றித்தான் அரிசி வாங்குகிறார்கள் என்பது தனியே எழுதவேண்டிய விஷயம்.)

வைத்தியம் இல்லாமலில்லை. ஆரம்பத்தில் கண்டால் வயிற்றைக் கிழிக்காமலே மூத்திர வழியாகச் சுரண்டி எடுக்கிறார்கள். க்ஷயரோகத்தைத் தடுக்கக் குத்தும் பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் விடுகிறார்கள். திரும்பி வரக்கூடிய நோயாதலால், முதலில் மூன்று மாதத்துக்கொருமுறை உள்ளே பார்க்கவேண்டும். முற்றினால் பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் துளையிட்டு வெளிப்பையில் மூத்திரம் இறங்கச் செய்கிறார்கள்.

இங்கேதான் நம் ஜனங்களின் யோக்கியதை வெளியாகிறது. வெளிப்பையோடிருப்பவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிடத் தயங்குகிறார்கள். பந்தியில் பக்கத்தில் உட்காரக் கூசுகிறார்கள். அவனும் மூலையிலேயே கிடக்கிறான். பெரியார் தம் கடைசி வருஷங்களில் மூத்திரக் குழாயும் அதற்கொரு பாத்திரமுமாக ஊர் ஊராய்ச் சுற்றினார். அவருக்கிருந்தது இந்த நோய் என்று நாம் சொல்லவரவில்லை. 94 வயதில், சாவதற்கு ஐந்து நாள் முன்பு, 1973 டிசம்பர் 19-ல் தியாகராய நகரில் பேசினாரே, மேடையேற வெட்கப்பட்டாரா? கேட்க வந்தவர்கள்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டார்களா?

ஆகவே தோழர்கள் செய்யவேண்டியது அனுதாபப் பேச்சல்ல. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய்வரை உண்டு. அதற்கான அட்டையில்லாதவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். சென்னைக்குப் போகிறவருக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸில் படுக்கை வகுப்புக் கட்டணமில்லை, துணைக்குப் போகிறவருக்கும் சலுகையுண்டு. அதற்கு டாக்டரின் சான்றை முன்னதாகவே வாங்கி வையுங்கள். எழுந்திருக்க முடியாதவருக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தார் வீட்டுக்கே வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியைத் தனியே பஸ் ஏற்றிவிடாதீர்கள். ஒருவர் கூடப் போய், மாற்றுப்பை ஒன்றும் கையில் வைத்துக்கொண்டு, வழியில் பை நிறையுமுன் அவர் இறங்கிக் காலிசெய்ய இடம் பார்த்துக் கொடுங்கள்.